மாமண்டூர் ஏரியில் ஒரு டி-90

ரிமோட்டில் ஓடும் மாதிரி டாங்கி வாங்க நினைக்கும் பலருடைய கண் முதலில் போய் நிற்பது ஜெர்மனியின் டைகர் மீதுதான். 57 டன் எடையும் 88 மில்லிமீட்டர் பீரங்கியுமாக இரண்டாம் உலகப் போரில் வலம் வந்த அந்த வண்டி, தோற்ற பக்கத்து டாங்கி என்பதைப் பொம்மை உலகம் பொருட்படுத்துவதே இல்லை. சீனாவின் ஹெங் லாங் நிறுவனத்தின் பட்டியலில் 1:16 அளவில் டைகர், பாந்தர், ஷெர்மன், டி-34, லெப்பர்ட், ஏப்ரம்ஸ் என்று வரிசையாக நிற்கும். 2018இல் வெம்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அந்தப் பட்டியலைச் செல்போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து பேசிய அக்கா மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"டைகர் வாங்கிக்கோங்க மாமா. எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க."

"இதுல ஆவடியில செய்யறது எதுடா?"

"டி-72 இருக்குது. டி-90 இருக்குது."

"அப்ப டி-90 எடுத்துனு வா."

பொம்மை வாங்குவதற்கு இது விசித்திரமான காரணம். ஆனால் அவருக்கு அந்த டாங்கியின் ஜாதகம் தெரியும். 2001 பிப்ரவரியில் ரஷ்யாவோடு 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. 124 முழுதாக வந்து இறங்கின. மீதி 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டப்பட்டன. ஆவடியிலேயே தயாரான முதல் பத்து டாங்கிகள் 2009 ஆகஸ்டில் ராணுவத்திடம் போயின. பெயர் பீஷ்மா. எடை 46.5 டன், பீரங்கி 125 மில்லிமீட்டர், உள்ளே மூன்றே ஆட்கள். குண்டு நிரப்பும் நாலாவது ஆளின் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பட்டுத்தறி ஓடும் ஊரில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அதற்கு அவருடைய பெரியப்பாவிடம் போக வேண்டும்.

அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். காஞ்சிபுரத்துக்கு நெய்து கொடுப்பது வீட்டுத் தொழில். பெரியப்பா மட்டும் தறியை விட்டு இறங்கி, அறுபதுகளின் கடைசியில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1961இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் 'டேங்க் ஃபேக்டரி' என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் இந்தியாவுக்காக வடிவமைத்த டாங்கி 1965இலிருந்து அங்கே தயாரானது. 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் எல்-60 இன்ஜின். நாடு அதற்கு வைத்த பெயர் விஜயந்தா. எண்பதுகள் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் ஆவடியிலிருந்து வெளியே போயின.

கோடை விடுமுறையில் பெரியப்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனால், தொழிற்சாலைக்குள் யாரும் விட மாட்டார்கள். வெளியே நின்று கேட்கலாம். இன்ஜின் உறுமல் கேட்கும். அதற்கு மேலே இரும்புச் செயின் தரையில் அடிக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். சில நாள் பட்டாபிராம் பக்கம் ரயில் பாதையில், தார்ப்பாய் போர்த்திய தட்டை வேகன்கள் நிற்கும். தார்ப்பாயின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையனை அரித்த கேள்வி ஒன்றுதான். ஸ்டீயரிங் சக்கரம் திருப்பி முன்சக்கரத்தை வளைக்க வழியில்லாத வண்டி எப்படித் திரும்புகிறது? பெரியப்பா ஊர்க்காரர் மொழியிலேயே பதில் சொன்னார். "மாட்டு வண்டியை எப்படிடா திருப்புவ? உள்பக்கத்து மாட்டை இழுத்துப் புடிச்சிட்டு, வெளிப்பக்கத்து மாட்டைத் தட்டி விடுவ இல்ல? டேங்கும் அவ்ளோதான். ஒரு பக்கத்துச் செயின் மெதுவா ஓடும், இன்னொரு பக்கம் வேகமா ஓடும். வண்டி மெதுவா ஓடுற பக்கம் திரும்பும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. இங்க ஒரு மாட்டை முன்னாலயும் இன்னொண்ணைப் பின்னாலயும் நடக்க வெக்கலாம். அப்ப நின்ன இடத்துலயே பம்பரம் மாதிரி சுத்தும்" என்றார். இயந்திரவியல் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதைவிட இது மோசமில்லை.

ஊர் திரும்பியதும் பையன் ஒரு டாங்கி செய்தான். நூல் சுற்றிய மரக்கட்டை உருளை, நெசவுக்காரர் வீட்டில் பஞ்சமில்லாத பொருள். இரண்டு பக்க விளிம்பிலும் கத்தியால் பல் வெட்ட வேண்டும். நடு ஓட்டையில் ரப்பர் பேண்டை நுழைத்து, ஒரு முனையில் உடைத்த தீக்குச்சியால் பூட்ட வேண்டும். மறுமுனையில் மெழுகுவத்தியிலிருந்து அறுத்த சின்ன வட்டு, அதற்கு வெளியே நீளமான குச்சி. குச்சியைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் விட்டால் உருளை ஊர்ந்து போகும். பாடப் புத்தகத்தின் மீதுகூட ஏறும். இதில் முக்கியமான பாகம் மெழுகு வட்டுதான். அது இல்லாவிட்டால் முறுக்கு சீராக அவிழாது. மெழுகின் அளவான உரசல்தான் அதை நிதானமாக நகரச் செய்கிறது. அப்பா பார்த்துவிட்டு, நல்ல உருளையில் ஏன் பல் வெட்டினாய் என்று முதுகில் ஒன்று வைத்தார். உருளை அதற்குப் பிறகும் ஊர்ந்தது.

அவன் வெம்பாக்கத்தில் மரக்கட்டையில் பல் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜப்பானில் இதே வேலையை ஒரு நிறுவனம் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது. ஷிஸுவோகா நகரத்து டாமியா. 1946இல் மரம் அறுத்து விற்கும் கடையாகத் தொடங்கி, மரத்தில் மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறிய குடும்ப நிறுவனம். 1961இல் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என்ன அளவில் செய்வது என்பதை அவர்கள் கணக்குப் போட்டு முடிவு செய்யவில்லை. மோட்டாரும் இரண்டு பேட்டரிக் கட்டைகளும் உள்ளே அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் உடலைச் செய்தார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது அது நிஜ டாங்கியில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் ராணுவ மாதிரி செய்பவர்கள் வேதவாக்காகப் பின்பற்றும் 1:35 என்ற அளவு, இரண்டு பேட்டரிக்கு இடம் தேடியதில் பிறந்தது!

அந்த நிறுவனத்தின் முதல் ரேடியோ கண்ட்ரோல் மாதிரி 1974இல் வந்தது. கார் அல்ல, டாங்கி. 1:16 அளவில் ஓர் அமெரிக்க ஷெர்மன். நம் ஊர்க்காரருக்கு ஷெர்மன் அந்நியமில்லை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்து வயல்களில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றவை இந்திய ராணுவத்தின் சென்டூரியன், ஏ.எம்.எக்ஸ்-13, ஷெர்மன் ஆகியவைதான். அவற்றில் ஷெர்மன் அப்போதே கிழவன். ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன்களை வீழ்த்தி உயிர்விட்டதும் அங்கேதான். பெரியப்பா அந்தக் கதையை ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டன் கூடும்.

டாமியாவின் ஷெர்மன் பொம்மை அப்போது வெம்பாக்கத்துக்கு வரவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 'ரிமோட்' என்று சொல்லி வந்தவற்றில் பாதி, வண்டியையும் பெட்டியையும் ஒரு ஒயர் இணைத்த ரகம். பர்மா பஜாரிலிருந்து யாராவது ஆன்டெனா வைத்த கார் வாங்கி வந்தால் அது பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரே தெருவில் இரண்டு பையன்கள் அதே ரகத்தை வாங்கிவிட்டால் ஒருவன் அழுத்த இன்னொருவன் கார் ஓடும், சண்டை வரும். இன்றைய மாதிரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. ரிமோட்டும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்கின்றன. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பயன்படும் அதே அலைவரிசைதான். குறைந்த சக்தியில் அதைப் பயன்படுத்த உரிமம் வேண்டாம் என்று இந்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. ஐந்து டாங்கிகளை ஒரே மைதானத்தில் விட்டாலும் அததன் எஜமான் சொல்வதைத்தான் கேட்கும்.

டாங்கி ஆசை திரும்ப எழுந்ததற்கு 2017 ஜூலையில் வந்த ஒரு செய்தி காரணம். ஆவடியில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், போர் வாகனங்களுக்கான சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம், ஆள் இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் 'முந்த்ரா' என்ற செயின் வண்டியைக் காட்சிக்கு விட்டிருந்தது. கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர் அபாயம் உள்ள இடங்களுக்கு ஒன்று என மூன்று வகை. ராஜஸ்தானின் மகாஜன் மைதானத்து வெயிலில் சோதித்திருந்தார்கள். பத்திரிகையை மடித்துக் கடை மேசைக்கு அடியில் வைத்தவர், அன்று மாலையே அக்கா மகனிடம் பேச்செடுத்தார். பெரியப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கக்கூடும். சோவியத் நாடு முப்பதுகளிலேயே டி-26 டாங்கிகளில் ரேடியோ வைத்து, பின்னால் வரும் இன்னொரு டாங்கியிலிருந்து ஓட்டிப் பார்த்தது. 1939-40 பின்லாந்துப் போரில் அவை களத்துக்கே போயின. பிரமாதமாக ஒன்றும் சாதிக்கவில்லை. எதிரில் இருக்கும் பள்ளத்தைத் தொலைவில் உட்கார்ந்திருப்பவன் எப்படிப் பார்ப்பான்?

பெட்டி வந்து சேர்ந்தது. திறந்ததும் வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி விலை. ஒரு சுமாரான பட்டுப்புடவை விலைதான் என்றார். "அந்தப் புடவையையே வாங்கியிருக்கலாமே" என்ற பதிலுக்கு அவரிடம் மறுபதில் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, டாங்கியை ஓட்டுவதற்கு முன் திறந்து பார்ப்பது. காயில் கட்டுகிறவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது சொற்பம். பின்பக்கம் இரண்டு சிறிய மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்சக்கரப் பெட்டி. இடது மோட்டார் இடது செயினுக்கு, வலது மோட்டார் வலது செயினுக்கு. பெரியப்பாவின் இரண்டு மாடுகள் இவைதான். நடுவில் ஒரு போர்டு. ரேடியோ அலையை உள்வாங்குவது, மோட்டார்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடுவது, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம் எழுப்புவது எல்லாம் அதன் வேலை. பீரங்கி உட்கார்ந்திருக்கும் டரட்டைச் சுழற்ற ஒரு குட்டி மோட்டார், எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடும் ஒரு குழாய், 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரியின் வெள்ளைப் பிளக்குக்கு உலகம் முழுக்க 'டாமியா பிளக்' என்றுதான் பெயர். போட்டி நிறுவனத்தின் டாங்கியிலும் அதே பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு விஷயங்களை அவர் அன்றே துண்டித்தார். ஒன்று, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும் பொறி. தெருப் பிள்ளைகள் கூடப்போகிற இடத்தில் கண்ணுக்கு நேராக வரும் எதுவும் வேண்டாம் என்பது அவர் கட்சி. சரியான கட்சி. இன்னொன்று புகைக்குழாய். தறியில் ஏறிய புடவை இருக்கும் வீட்டுக்குள் எண்ணெய்ப் புகை ஆகாது. ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்தார். "தறிச் சத்தம் போதாதா உங்களுக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முதல் ஓட்டம் திண்ணையை ஒட்டிய சிமெண்டுத் தரையில். வலதுகைக் குச்சி ஓட்டுவதற்கு, இடதுகைக் குச்சி டரட்டுக்கு. கார் பழகிய கைக்கு இது குழப்பும். திரும்பியபிறகு குச்சியை நடுவுக்குக் கொண்டுவராவிட்டால் வண்டி சுழன்றுகொண்டே இருக்கும். சிமெண்டுத் தரையில் நின்ற இடத்தில் சுழற்றுவது மோட்டாருக்கு மிகப் பெரிய சுமை. செயின் முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும், மின்சாரம் ஏறும், மோட்டார் சுடும். மண்ணில் மண் நகர்ந்துகொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. அகலமாக வளைந்து திரும்பிப் பழகுவதுதான் நல்ல தொடக்கம்.

அதைவிடப் பெரிய எதிரி தரையில் கிடந்தது. தறி வீட்டில் எங்கு பெருக்கினாலும் அறுந்த பட்டு இழை கொஞ்சம் மிஞ்சும். டாங்கியின் பல்சக்கரம் அந்த இழையைக் கவ்வி அச்சில் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் மெல்ல இறுகி, வண்டி தானாக அந்தப் பக்கமே இழுக்கும். புதியவர்கள் மோட்டார் போய்விட்டது என்று நினைப்பார்கள். முடி, கம்பளி, நூல் எதுவானாலும் இதே கதைதான். ஊசியும் சின்னக் கத்திரியும் கொண்டு அச்சிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஜரிகைத் துணுக்கு இன்னும் வில்லங்கம். பட்டு நூலின் மீது சுற்றிய வெள்ளிக்கம்பி அது, மின்சாரம் கடத்தும். போர்டின் மேலோ பேட்டரி முனையிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று காயில் கட்டுகிறவருக்குத் தெரியாதா? டாங்கி தறிவீட்டுக்குள் வரக் கூடாது என்ற சட்டத்தை வீட்டுக்காரம்மா போடுவதற்கு முன் அவரே போட்டுவிட்டார்.

அப்படித்தான் ஏரிக்குப் போனது.

வெம்பாக்கம் வட்டத்தின் மாமண்டூர் ஏரி பல்லவர் காலத்திலிருந்தே பெயர் பெற்றது. பக்கத்துப் பாறையில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் ஏரியின் தரையைக் கவனிப்பதில்லை. கோடையில் தண்ணீர் பின்வாங்கியதும் அங்கே கிடைப்பது டாங்கிக்காரர்களின் சொர்க்கம். கரையோரம் மணல், கொஞ்சம் உள்ளே போனால் பாளம் பாளமாக வெடித்த களிமண், ஆடு மாடு மிதித்துக் காய்ந்த குளம்புப் பள்ளங்கள், சீமைக் கருவேல முள். கார் டயர் பயப்படும் முள்ளை டாங்கி மதிப்பதே இல்லை. நிஜ டாங்கிக்கு ஓர் ஆள் உயரப் பள்ளம் எப்படியோ, 1:16க்கு மாட்டுக் குளம்புத் தடம் அப்படி. மூக்கு கீழே இறங்கி, வயிறு விளிம்பில் உட்கார்ந்து, பின்சக்கரம் மண்ணைக் கவ்வி மேலே தள்ளும்போது சுற்றி நிற்கும் பிள்ளைகள் "ஏறுது, ஏறுது" என்று கத்துவார்கள். இந்த இரண்டு விநாடிக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்கே.

வேகத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். நிஜ டி-90 சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும். 16ஆல் வகுத்தால் 3.75. அதாவது கோயிலுக்குப் போகும் பாட்டியின் நடை. அதற்கு மேல் ஓட்டினால் பார்வைக்கு எலியாகிவிடுகிறது, டாங்கியாக இருப்பதில்லை. பிள்ளைகள் முதலில் முழு வேகத்தில் விரட்டுவார்கள், மணலில் திடீரென்று திருப்புவார்கள், செயின் கழன்று பின்னால் பாம்பு மாதிரி கிடக்கும். செயின் இறுக்கத்தைச் சரிசெய்வதும், கழன்றதை மாட்டுவதும், மண்ணை எடுப்பதும் ஓட்டுவதற்குச் சமமான நேரம் பிடிக்கும். அதில் அலுப்புத் தட்டாதவர்தான் இதில் நிற்பார். மற்றவர்களுக்கு டிரோன் இருக்கிறது.

எடை விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 16இல் ஒரு பங்காகக் குறைவதால், எடை 16ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 4096இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 46.5 டன்னுக்கு அது 11 கிலோவுக்கு மேல். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் டாங்கியில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே மேடு பள்ளத்தில் அது துள்ளுகிறது. கனமாக அசைந்து உட்காருவதில்லை. எடை ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். உலோகச் செயின், உலோகச் சக்கரம் என்று கடைகள் ஆசை காட்டும். வரிசைதான் முக்கியம். பிளாஸ்டிக் பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு இரும்புச் செயின் மாட்டினால், சுமை பல்லில் விழும், பல் உதிரும். பல்சக்கரப் பெட்டியை முதலில் உலோகத்துக்கு மாற்ற வேண்டும், செயின் பிறகு, எடை கடைசியில். அவர் எடைக்குத் தேடியது டயர் கடை. சக்கரம் சமன் செய்ய ஒட்டுகிறார்களே, அந்த ஈயத் துண்டுகள். கழற்றிப்போட்டது தகர டப்பா நிறையக் கிடந்தது. இரட்டைப்பக்க டேப் போட்டு அடிவயிற்றில் பரப்பியதும் டி-90 முதன்முறையாக டாங்கி போலத் தலையசைத்து நின்றது.

உலோகப் பல்சக்கரம் ஊரில் கிடைக்காது. மோட்டார், பேட்டரி செல், பிளக், ஒயர் எல்லாம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும். டாங்கி என்று சொல்லிக் கேட்டால் சிரிப்பார்கள், மோட்டாரின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் எடுத்து வைப்பார்கள். டாங்கிக்கென்றே உள்ள பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அங்கேதான் செலவு. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. இதுபோன்ற ஓடும் மாதிரிகளும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு இது நல்லதுதான். ஆனால் டாங்கி செய்கிற நாட்டில் நல்ல மாதிரி டாங்கியை யாரும் செய்யத் தொடங்கவில்லையே என்பது அவருக்கு உள்ள ஆற்றாமை.

இரண்டாவது டாங்கி வந்தபோதுதான் விளையாட்டு சூடு பிடித்தது. செய்யாறு சிப்காட்டில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பையன் ஏரியில் வேடிக்கை பார்த்து நின்று, கடைசியில் ஒரு ஷெர்மன் வாங்கினான். இரண்டுக்கும் பீரங்கி முனையில் அகச்சிவப்பு விளக்கு, டரட்டின் மேல் அதை வாங்கும் ஒரு சின்னக் குமிழ். டிவி ரிமோட் வேலை செய்யும் அதே முறை. குறி பார்த்துச் சுட்டால், அடிபட்ட டாங்கி உடலைச் சிலிர்த்துக்கொள்ளும்; போதுமான அடி வாங்கினால் படுத்துவிடும். கனரக டாங்கி அதிக அடி தாங்கும், ஆனால் அடுத்த குண்டுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டும். இலகு டாங்கிக்கு நேர்மாறு. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் புத்திசாலி.

பகல் வெயிலில் சண்டை போட முடியாது. சூரியனிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. குமிழ் திணறிவிடும், பத்தடி தூரத்தில் சுட்டாலும் படாது. ஆக, போர் நேரம் மாலை ஐந்தரைக்கு மேல், பையனின் ஷிப்டு முடிந்த நாட்களில். பேட்டரிக்கும் அதுதான் நல்லது. மே மாத வெயிலில் லித்தியம் பேட்டரியை வண்டிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.

"இன்னாண்ணா, 1965இல ஷெர்மன் நம்ம பக்கம். நீங்க என்னைச் சுடுறீங்க?" என்றான் பையன் ஒரு மாலை.

"உன் டேங்க் அமெரிக்காக்காரன் பெயிண்ட்ல இருக்குதுடா. நம்ம பெயிண்ட் அடிச்சினு வா, விட்டுடறேன்."

அடுத்த வாரம் அடித்துக்கொண்டு வந்தான். அதன் பிறகு சுடுவதற்கு எதிரி இல்லாமல் போனது. சில நாள் இரண்டு டாங்கியும் சேர்ந்து கருவேலப் புதரைத் தாக்கின.

ஆகவேதான் மூன்றாவது டாங்கியைக் கையால் செய்வது என்ற திட்டம் வந்தது. விஜயந்தாவை 1:16இல் ரிமோட் டாங்கியாகப் பெட்டியில் போட்டு யாரும் கொடுக்கவில்லை; வேண்டுமென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். டி-90க்கும் விஜயந்தாவுக்கும் அடிப்பக்கத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் பக்கத்துக்கு ஆறு தரைச்சக்கரம், செயினை இழுக்கும் பல்சக்கரம் பின்னால். ஆக, பழைய டி-90 அடிப்பாகம் ஒன்று கிடைத்தால் மேலே விஜயந்தாவை உட்கார வைக்கலாம். சிக்கல் அகலத்தில். விஜயந்தாவின் அகலம் ஏறக்குறைய 3.17 மீட்டர், 1:16இல் 20 சென்டிமீட்டருக்குள் வரும். கையில் இருக்கும் அடிப்பாகம் செயினோடு 21க்கு மேல். அறுத்து ஒட்டிக் குறுக்குவதா? பல நாள் யோசித்துவிட்டு, அடிப்பாகம் இருக்கிறபடியே இருக்கட்டும், டாங்கியைப் பெரிதாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார். அளவு 1:15 ஆனது. டாமியா பேட்டரிக்காகச் செய்ததை இவர் செயினுக்காகச் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

105 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் இந்த அளவில் 7 மில்லிமீட்டர். மாடியில் தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா ஒன்று துருப்பிடித்த கம்பத்தில் நின்றது. அதன் அலுமினியக் குழாயில் ஒன்று பொருத்தமாக இருந்தது. உடலுக்கு ஜக்கார்டு அட்டை. கெட்டியானது, நேராக வெட்டுப்படும், ஃபெவிகால் பிடிக்கும். பூவேலைப்பாட்டுக்கு ஓட்டை போட்ட அட்டைகளின் இடத்தைக் கணினி பிடிக்கத் தொடங்கிய பிறகு, தறிகளிலிருந்து இறக்கிய பழைய கட்டுகள் பழைய பேப்பர் விலைக்கு வருகின்றன. ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்துத் தேய்த்தால் இரும்புத் தகட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

பெரியப்பாவின் மகனும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் உடனே போன் வரும். "தம்பி, முன் சரிவு இன்னும் படுக்கணும். டரட் ரொம்ப உயரம். எங்கப்பா பார்த்தா ரிஜெக்ட் பண்ணிடுவாரு." டரட்டை இதற்குள் மூன்று விதமாகக் கட்டிப் பிரித்தாகிவிட்டது. சக்கரத்தின் முகமும் டி-90இனுடையது. விஜயந்தாவினுடையதைப் போல மரத்தில் கடைந்து ரப்பர் வளையம் மாட்ட வேண்டும், பன்னிரண்டும் ஒரே அளவில். ஆரணியில் ஒருவர் இன்னும் கையால் மரக்கடைசல் செய்கிறாராம். ஒரு சக்கரத்துக்கு அவர் கேட்கும் கூலியைத்தான் இன்னும் பேசி முடிக்கவில்லை.